பெட்ரோல் விலை ஏறிய பிறகு ஏறுகிறவர்கள்

நீலாம்பாள் அக்காவுக்கு, காஞ்சிபுரத்திலிருந்து தம்பி தேவேந்திரன் வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் இங்கே ராஜாவாக ஆட்டோ ஓட்டுகிறேன்.

பெட்ரோல் விலை ஏறியதும் கட்டணத்தை ஏற்றினேன். ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்; புடவை வாங்க வருகிறவர்கள் நடக்கிறார்கள். கேட்டதைக் கொடுத்து ஏறுவது ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான்.

நேற்று ஒரு பிரசவ வலிக்காரி. பெட்ரோலை மிச்சம் பிடிக்க ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தேன்; திரும்பக் கிளம்பவில்லை.

"இன்னாண்ணா நின்னுக்கினு இருக்கே? எடுண்ணா, தலை தெரியுது!" என்று அவள் அம்மா கத்தினாள்.

ஒற்றைக் கையால் ஒரு மைல் தள்ளினேன், அக்கா! டாக்டரே எனக்குச் சலாம் வைத்தார். தாயும் பிள்ளையும் சுகம்.

இன்று கேட்டில் எஞ்சினை அணைக்கவே இல்லை. யாருக்காவது என் வண்டியிலேயே உயிர் போய்விட்டால்? தோள்வலிக்கு உங்கள் சுக்குப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். சாயங்காலம் போன் பண்ணுங்கள், சும்மா பேசத்தான். ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் வண்டியைப் பார்த்து வருகிறார். கிளம்புகிறேன்.