முயலுக்குக் கிண்டிய களி

கோப்பாய்,
ஆனி மாதம், சனிக்கிழமை.

அன்பின் கோபி அத்தானுக்கு,

சுகம் என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை மட்டும் எழுதுகிறேன். தொலைபேசியில் எப்போதும் உங்கள் அம்மா பக்கத்தில் இருக்கிறார். நீங்களும் பிள்ளைக் கதை எடுத்தால் வேலை வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் கத்தாருக்குத் திரும்பும் உங்கள் கூட்டாளி டினேஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நல்லூர்த் திருவிழா முடிய என்னை வட்டுக்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கே, கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மாமி என் அண்ணைக்குச் சொல்லிவிட்டார். உங்கள் சாதகக் குறிப்பு கலியாணத் தரகரிடம் போயிருக்கிறது. இது உங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

முயல்களைப் பற்றியும் எழுத வேண்டும். போன வருசக் கோடையிலிருந்து ஒரு குட்டியும் இல்லாமல் இருந்தது. பெட்டைகள் இணை சேர்ந்தன, ஒன்றும் தங்கவில்லை. மாமி தன் வைத்தியத்தைத் தொடங்கினார். பெரியபிள்ளையான பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல உளுத்தம்மாவும் நல்லெண்ணெயும் சேர்த்த களி, அதோடு சாத்தாவாரிக் கிழங்கு, முருங்கையிலை. எனக்குக் கிண்டுகிற அதே சட்டிதான். கடுவனுக்கும் கொஞ்சம் வைப்போமா என்று கேட்டேன். "ஆம்பிளைக்கு ஆரும் களி கிண்டுவினமே? விசர்க்கதை கதையாதை" என்று சிரித்தார்.

பங்குனியில் வெள்ளைப் பெட்டை தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தைபோலக் கூடு கட்டியது. மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். கூட்டில் கடைசிவரை மயிர் மட்டும்தான் இருந்தது. அதற்குள் மூக்கை விட்டுத் தேடிக்கொண்டே நின்றது அந்த முயல். என்னால் பார்க்க முடியவில்லை, அத்தான்.

மாமி கோயிலுக்குப் போன நேரம் மிருக வைத்தியர் வந்தார். வெறுங்கூட்டைப் பார்த்ததும், "தங்கச்சி, பெட்டையளிலை பிழையில்லை. கடுவனைக் காட்டுங்கோ" என்றார். விந்தில் உயிரில்லாத கடுவனோடு சேர்ந்தாலும் பெட்டை சினைப்பட்டதாக நம்பிக் கூடு கட்டுமாம். கடுவன் தகரத்துக்குக் கீழே வெயில் வெக்கையில் கிடந்தது. தொடர்ந்து சூடு பட்டால் அப்படி ஆகும், அது வெட்கப்படுகிற விசயமில்லை என்றார். முருங்கையிலையும் முளைகட்டிய பயறும் அதற்கும் வைக்கச் சொன்னார். ஆனால் இலை மட்டும் காப்பாற்றாது, முதலில் சூடு குறைய வேண்டும் என்றார்.

கடுவனை மாமரத்து நிழலுக்கு மாற்றிக் கிடுகுக் கூரை போட்டேன். போன வெள்ளி அதே வெள்ளைப் பெட்டையின் கூட்டில் குட்டிகள், கண் திறக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக. "எல்லாம் என்ரை களி" என்று மாமி அயலெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகு அடுப்படிக்கு வந்து, "முயலே பெத்திட்டுது. உனக்கென்னடி கேடு?" என்றார். நான் சோறு வடித்துக்கொண்டு நின்றேன். வைத்தியர் சொன்னது அவருக்கு இன்னும் தெரியாது.

எனக்குப் பார்த்த டாக்டர்மார் எல்லாரும் ஒன்றுமில்லை என்றார்கள். உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீங்கள் வரவில்லை. கோப்பாய் பேக்கரியிலும் பாண் சுடும் போறணைக்கு முன்னால்தான் நின்றீர்கள். கத்தாரிலும் அதே வேலைதான்.

திருவிழாவுக்கு லீவு கேளுங்கள். அண்ணை வருவதற்கு முதல் வந்துவிடுங்கள். என்னை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். உங்களைக் காட்ட என்னோடு வந்தால் போதும். அங்கே என்ன சொன்னாலும் மாமிக்குச் சொல்லத் தேவையில்லை. குறை என்னில்தான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். களியையும் சாப்பிடுகிறேன். நீங்கள் மட்டும் அப்படி நினைக்காதீர்கள்.

போறணைக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள். நல்லூர்க் கந்தன் உங்களைக் குளிர்மையாக வைத்திருக்கட்டும்.

உங்கள் வரவை மட்டும் பார்த்திருக்கும்,
ஆரணி