ஆய்வகத்து ஸ்விட்சில் உன் பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அம்மா நலம், கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்தியாகிவிட்டது. உனக்கு அந்த ஊர்க் குளிர் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் எதையும் நம்பிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நீ விட்டுப்போன நாற்காலியில் நான் உட்கார்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரி நெட்வொர்க் முழுவதும் படுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றும் வார்டுக்குப் போகவில்லை. ஆபரேஷனுக்குக் கொண்டுபோன ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மேலாளர் பார்த்த பார்வையிலேயே நான் பாதிக் குற்றவாளி ஆகிவிட்டேன். நான் மட்டும் என்ன ஒழுங்கா? கேபிள் இழுக்க வந்தவர், பக்கத்து மேசைக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் ஆய்வகத்தில் பிடிபட்டது. ஒரே கேபிளின் இரண்டு முனையும் கணினிகளை இணைக்கும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் செருகியிருந்தன. அனுப்பிய தகவலே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து நெட்வொர்க்கைத் திணறடித்திருக்கிறது. அங்கே தரை துடைக்கும் ஆயா, "சும்மா தொங்கிட்டிருந்துச்சு தம்பி, யாராவது தடுக்கி விழப்போறாங்கன்னு செருகி வச்சேன்" என்றார். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

உனக்குத் தெரியாததா? ஸ்பேனிங் ட்ரீ என்ற பாதுகாப்பு ஓடிக்கொண்டிருந்தால், சுற்றிச் சுற்றி வரும் வழியை ஸ்விட்சே அடைத்துவிடும். அந்த ஒரு ஸ்விட்சில் மட்டும் அதை யாரோ அணைத்திருந்தார்கள். மறுபடி இயக்கினேன். எண் குறைவாக இருப்பதுதானே தலைமை, மெயின் ஸ்விட்சுக்கு முன்னுரிமை எண்ணைக் குறைத்து அதையே தலைமையாக்கினேன். பிறகு அதே கேபிளை வேண்டுமென்றே செருகினேன். அது செருகிய ஒரு போர்ட் மட்டும் அடைத்துக்கொண்டது, மற்றதெல்லாம் ஓடியது.

அணைத்தது யார் என்று பதிவுகளில் தேடினேன். உன் பெயரில், உன் பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்து அணைத்திருந்தது. நீ வேலையை விட்ட நாள், மதியம் மூன்று பத்து.

ஆய்வகத்துப் புது இயந்திரம் நெட்வொர்க்கில் சீக்கிரம் இணையவில்லை என்று அவசரத்துக்கு அணைத்துவிட்டு மறந்துபோனாயா? உனக்கு வரவேண்டிய பதவியை வெளியாளுக்குக் கொடுத்தார்களே, அந்தக் கோபமா? உன் பாஸ்வேர்ட் மேலாளருக்கும் தெரியும் என்கிறார் பக்கத்து மேசைக்காரர். அவர் எதற்கு இதை இப்போது வந்து சொல்கிறார்? யாரைப் பார்த்தாலும் மடியில் கனத்தோடு நடப்பது போலவே தெரிகிறது.

மூன்று நாள் அந்தப் பதிவை ஒளித்து வைத்திருந்தேன். நேற்று ஆயா தன் சாவிகளைத் திருப்பிக்கொடுக்க வந்தார். "பெரிய ஆபரேஷனாமே. அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பதிவை அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன். ஆயா இன்று காலை வேலைக்கு வந்துவிட்டார். இனி உன்னைத்தான் கேட்பார்கள்.

அவர்களுக்கு நீ என்ன வேண்டுமானாலும் பதில் சொல். எனக்கு நடந்ததை எழுது. அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. "அவ எப்ப வருவா?" என்று தினமும் கேட்கிறாள். எதுவாக இருந்தாலும் வந்துவிடு அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
தம்பி