இரண்டு நிமிட முகம்

ஏப்ரல் 19

இன்றும் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் பார்த்தேன். ஒன்பது பேருக்கும் இல்லை. முதியோர் இல்லத்தின் வாசலைப் பூட்டி ஐந்து வாரம் ஆகிறது. உறவுக்காரர் யாரும் உள்ளே வர முடியாது. வேலை செய்யும் நாங்கள் ஆறு பேர் மட்டும் போய் வருகிறோம். "நோய் உள்ள வந்தா நம்மள்ல ஒருத்தர் கூடத்தான் வரும்" என்று மேட்ரன் தினமும் காலையில் சொல்கிறார், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக.

அப்பாவுக்கு மூச்சுத் தொல்லை இருப்பதால் வீட்டை விட்டு இந்த மாடி அறைக்கு வந்து ஒரு மாதம். அம்மா போனில் "சாப்டியா?" என்று ஆரம்பித்து "சாப்டு" என்று முடிக்கிறாள். நடுவில் இருவருமே மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 22

நான்காம் அறையில் இருவர். ஒருவர் ரேடியோ அம்மா. காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பிப்பார், மாத்திரை போட்டுத் தூங்கும்போதுதான் நிறுத்துவார். இன்னொருவர் தையலம்மா. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. "பொருத்தம் பாத்துத்தான் போட்டிருக்காங்க" என்று சமையல் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தையலம்மா ஆயத்த ஆடை ஆலையில் முப்பது வருடம் இருந்தவர். இருநூறு மெஷின்கள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்காதாம். எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். மேஸ்திரியைத் திட்டுவதற்கு அது ரொம்ப வசதி என்றார் ஒருமுறை. பிறகு காது போனபோது அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உதடுகள் இருந்தன.

இப்போது எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கிறோம்.

எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்கு எழுத்து தெரியாது. அளவு நாடாவில் இருக்கும் எண்கள் மட்டும் தெரியும். வாய் தெரிகிற மாதிரி கண்ணாடித் தகடு வைத்த மாஸ்க் கேட்டு மேட்ரன் மூன்று இடத்துக்கு எழுதிவிட்டார். வரும் என்கிறார்கள்.

இன்று மாத்திரை கொடுக்கப் போனேன். என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாரும் என்கிட்ட கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன், இல்லை என்று. வேறு எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 23

மாஸ்க் மேலே கண்ணால் சிரிக்கலாம் என்று எங்கோ படித்தேன். கண்ணாடி முன் நின்று பார்த்தேன். வெயிலுக்குக் கண் சுருக்குவது போல இருக்கிறது.

ஏப்ரல் 27

செய்துவிட்டேன்.

ரேடியோ அம்மாவைக் குளிக்க அழைத்துப் போயிருந்தார்கள். தையலம்மாவின் மகள் வெளியூரிலிருந்து போன் செய்து, தன் மகன் பத்தாம் வகுப்புக்குத் தேறிவிட்டான், அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள். எப்படிச் சொல்ல? விரலால் பத்து காட்டினேன். "என்ன, பத்து மாத்திரையா?" என்றார் மிரண்டுபோய். கதவைச் சாத்தினேன். ஜன்னலோரம் போனேன். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கி, பேரன் பாஸ் பண்ணிட்டான் என்று சொன்னேன்.

அவர் முதலில் செய்தியைக் கேட்கவே இல்லை. "அடிப்பாவி, உனக்கு மூஞ்சி இருக்கு!" என்றார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சொல்லு என்றார். மறுபடி சொன்னேன். குனிந்து என் வாய்க்கு அருகே வந்து பார்த்தார். பார்வையும் மங்கல்தானே.

இரண்டு நிமிடம் இருக்கும். ஒரே ஒரு தடவைதான்.

மே 2

ஒரே ஒரு தடவை என்று எழுதியவள் நான்தான். ஆறு நாளில் ஐந்து தடவை.

எனக்கு நோய் இல்லை. வாரா வாரம் பரிசோதனை செய்கிறார்கள். இல்லத்துக்கும் அறைக்கும் தவிர எங்கும் போவதில்லை. கடைக்குக்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் அடுக்கிக்கொள்கிறேன். ஆனால் கதவை ஏன் சாத்துகிறேன்?

உண்மையைச் சொல்கிறேன், இங்கே எழுதாமல் எங்கே எழுத. அந்த இரண்டு நிமிடம் அவருக்காக மட்டும் இல்லை. நாள் முழுவதும் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அறைக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றினால் சுவர்தான். தனிமையைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், அடிக்கோடு போட்டுக்கூட. அதில் எல்லாம் தனியாக இருப்பவர்கள் ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் கண்டுபிடித்தது, ஒரு நாள் முழுக்கப் பேசாமலே இருந்தால் தொண்டை கரகரக்கும் என்பதுதான்.

இன்று அவர் என்னைப் பார்த்து, "இளச்சுட்டே. இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிக்கணும்" என்றார்.

மே 5

பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விட்டார்கள். வழக்கம்போலத் தும்மினேன். கொஞ்சம் அசதி. சரியாகத் தூங்காததுதான்.

மே 6

காலை ஒன்பது மணி. வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது போன். எனக்கு இருக்கிறது.

மேட்ரன் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "பதறாத. காய்ச்சல் இருக்கா? தண்ணி குடி. ரூமை விட்டு வெளிய வராத." பிறகு படிவத்தை நிரப்பினார். "எல்லார்கிட்டயும் மாஸ்க்கோடதான இருந்த? ஆமான்னு போட்டுக்கறேன்."

நான் "ஆமா" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேலை போய்விடும் என்று நினைத்தேனா? அதுவும் உண்டு. ஆனால் அதைவிட – சொன்னால் தையலம்மாவைப் பின்கட்டு அறையில் தனியாகப் போடுவார்கள். பதினான்கு நாள். முழு உடுப்பும் மாஸ்க்கும் முகத்தகடும் போட்டவர்கள் தட்டை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஏன் என்று அவருக்கு யாராலும் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் அவர் பக்கத்துக் கட்டிலில் ரேடியோ அம்மா. எண்பத்தொரு வயது. சர்க்கரை.

பதினொன்றே கால் மணிக்குத் திரும்ப அழைத்தேன். "மேட்ரன், படிவத்துல தப்பா சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர், "எத்தன நாள்?"

"அஞ்சு... இல்ல, எட்டு நாள்."

"படிச்ச பொண்ணுதானே நீ." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

இரண்டேகால் மணி நேரம். அதற்குள் அவர்கள் இருவரும் ஒரே மேசையில் காலை ஆகாரம் சாப்பிட்டிருப்பார்கள்.

மே 7

காய்ச்சல் நூற்றொன்று. எனக்கு இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மே 8

அம்மா அழுகிறாள். அப்பா போனை வாங்கி, "நீ வீட்ட விட்டுப் போனப்ப கோவப்பட்டேன்ல, தப்புடா கண்ணு" என்றார். அப்பா என்னிடம் தப்பு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

மே 10

சமையல் அக்காதான் போன் செய்தார். மேட்ரன் என்னோடு பேசுவதில்லை.

தையலம்மா சாப்பிடுவதில்லை. மூன்று நாளாக. முதல் நாள் தட்டைத் தூக்கி எறிந்தாராம். "நான் என்னடி திருடினேன்? எதுக்கு என்ன அடச்சு வச்சிருக்கீங்க?" என்று கத்தினாராம். இரண்டாம் நாளிலிருந்து கத்தவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தோளைத் தொட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணை மூடிவிட்டால் அவருக்கு இந்த உலகத்தில் எதுவும் இல்லை.

"பரிசோதனைல இல்லன்னுதான் வந்திருக்கு. ஆனா இப்படியே போனா நோய் வேற எதுக்கு, பட்டினியே போதும்" என்றார் அக்கா. பிறகு, "உன்னத் திட்டறதுக்குத்தான் போன் போட்டேன். திட்ட மறந்துட்டேன்" என்றார்.

மே 11

இதைச் சீராக எழுத முயல்கிறேன்.

மதியம் அண்ணன் சாப்பாடு கொண்டு வந்தான். வெளிப்படிக்கட்டில் ஏறி, கதவருகே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து நின்றான். அந்த ஜன்னல் பெயின்ட் ஒட்டிப்போய்த் திறக்காது. மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னவோ பேசினான். கீழே தெருவில் லாரி. ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் "எரும மாடு" என்றது நன்றாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பழகின உதடு. அடுத்து "சாப்டுடீ" என்றதும் தெரிந்தது.

நான் அப்படியே நின்றேன். அவன் பயந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினான்.

எல்லாருக்கும் கண்ணாடி தடுப்பு. வந்த உறவுக்காரர்கள் எல்லாம் தோட்டத்து ஜன்னலில் நின்று கத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையசைத்துவிட்டுப் போனார்கள். அதனால் கண்ணாடி வழியாகப் பேச முடியாது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். எங்கள் காதுகளை வைத்து முடிவு செய்தோம். அந்த இல்லத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. பத்தடி நடந்து வெளியே போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மாஸ்க்கைக் கழற்றியிருந்தால் போதும். எட்டு நாளும். எட்டு நாளும்! எந்த நோயும் எங்கும் போயிருக்காது.

மேட்ரனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஐந்தாம் தடவை எடுத்தார். சொன்னேன்.

"பின்கட்டு ஜன்னலுக்கு வெளிய முள்ளுச்செடி இருக்கு" என்றார்.

"வெட்டச் சொல்லுங்க மேட்ரன்."

"யார? நான்தான் வெட்டணும்."

மே 12

மேட்ரனே அழைத்தார். கை முழுக்கக் கீறலாம். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு மின்னியதால், கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம். உள்ளே ஓர் ஆள் தோளைத் தொட்டுத் திருப்ப, தையலம்மா திரும்பிப் பார்த்தாராம்.

"என்ன சொன்னீங்க?"

"எல்லாம். நோய் இருக்கலாம், அதான் தனியா வச்சிருக்கோம், நீ எதுவும் தப்புப் பண்ணலன்னு. நாலு தடவ சொன்னேன். எனக்கு உதடு சின்னதாம். தெளிவா இல்லியாம்." மூக்கை உறிஞ்சினார். "சூப் குடிச்சா."

யார் மூலம் வந்திருக்கலாம் என்று சொன்னீர்களா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 14

தையலம்மாவுக்கு இருக்கிறது. இரண்டாவது பரிசோதனையில் தெரிந்தது.

ரேடியோ அம்மாவுக்கு இல்லை.

மே 16

தையலம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. இருந்தாலும் அனுப்ப மாட்டேன் என்கிறார் மேட்ரன். அங்கே யார் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள்?

மே 17

ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

மே 19

அதே.

மே 21

எனக்கு இல்லை என்று வந்துவிட்டது. எனக்குப் போய்விட்டது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ரேடியோ அம்மாவுக்கு மூன்றாவது முறையும் இல்லை. ஆனால் இரண்டு நாளாகப் பேசுவதில்லையாம். "எதிர்ல ஆள் இல்லாம யார்கிட்டப் பேசறது" என்று கேட்டாராம். அதைக் கேட்டதும்தான் அழுதேன், சத்தமாக. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மே 25

காய்ச்சல் விட்டுவிட்டது. தையலம்மாவுக்கு. எழுந்து உட்கார்ந்தாராம். மேட்ரன் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "ஒண்ணாந்தேதி வேலைக்கு வா. உன் பேர்ல ஓர் எச்சரிக்கை எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போ. உன்ன வேலைய விட்டு அனுப்பணும்தான். ஆள் இல்ல" என்றார்.

ஜூன் 1

கையெழுத்துப் போட்டேன். மாஸ்க், அதன் மேல் இன்னொரு மாஸ்க். வெளிவழியாகவே பின்கட்டுக்குப் போனேன்.

முள்ளுச்செடி இருந்த இடத்தில் மண் மட்டும். காலடிகள் பதிந்து பதிந்து இறுகியிருந்தது. உள்ளே நாற்காலியில் தையலம்மா. மூக்கில் குழாய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, பாதி ஆளாக. மருத்துவர் அந்தக் குழாய் இனி எப்போதும் தேவைப்படலாம் என்கிறார்.

ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். மாஸ்க்கைக் கழற்றினேன். எப்படி இருக்கீங்க என்று கேட்க வந்தேன். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. குரல் இல்லாமல். இந்தப் பக்கம் யார் நின்றிருந்தாலும் கேட்டிருக்காது.

என்னாலதான் உங்களுக்கு வந்தது.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். புரியவில்லை போலும் என்று, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடி சொன்னேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டிரண்டு வார்த்தையாக, அவர் சத்தம் போட்டார். கண்ணாடியைத் தாண்டி வந்தது அந்தக் குரல்.

"தெரியுமேடி. வேற எவ... என் மூஞ்சிக்கிட்ட வந்தா?"

நான் தலை குனிந்தேன். கண்ணாடியைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தேன்.

"குனிஞ்சா... எனக்கு எப்படித் தெரியும்? நிமிந்து பேசு."

பேசினேன். கால் மணி நேரம்.