காணையில் வைத்த முதல் பத்திரிகை

தை 18, ஞாயிறு

மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க இன்று கிளம்பினோம். எல்லா ஊரையும் ஒரே சுற்றில் முடிக்க, இருப்பதிலேயே குறைந்த தூரத்தை நேற்றே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இருபது வருடமாகக் கல்லூரியில் நான் நடத்தும் பாடம் அது. விழுப்புரத்தில் கிளம்பி காணை, வானூர், திண்டிவனம், மறுபடி வீடு.

"மொதல்ல திண்டிவனம். தாய்மாமனுக்கு வச்சுட்டுத்தான் மத்தவங்களுக்கு" என்றாள் மனைவி.

காணை பக்கத்திலேயே இருக்கிறது, உன் அண்ணனிடம் யார் சொல்லப் போகிறார்கள் என்றேன்.

காணையில் இருக்கும் என் தங்கை சொன்னாள். பத்திரிகை வைத்துவிட்டு நாங்கள் அவள் வாசலைத் தாண்டுவதற்குள், 'முதல் பத்திரிகை எங்களுக்கே' என்று படத்தோடு வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள்.

திண்டிவனத்தில் மச்சான் தட்டைத் தொடவில்லை. போனை நீட்டினார். நான் ஒரு காகிதத்தில் ஊர்களை வட்டமாக வரைந்து, இதுதான் குறைந்த தூரம் என்று விளக்கினேன். அவர் மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். விரலை வைத்து வட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்.

"மொதல்ல இங்க வந்துட்டு, அப்பிடியே வானூரு போய்க்கினு, காணைய கடைசில முடிச்சிருந்தா கிலோமீட்டரு கூடிடுமா மாப்ள?"

கூடாது. முதல் வகுப்பிலேயே அதைச் சொல்லித் தருவேன்.

"நாளைக்குக் காலைல நேரா இங்க வந்து வைங்க. அப்புறம் அவங்களுக்கெல்லாம் மறுபடி போய் வைங்க."

வீடு திரும்பிவிட்டோம். இப்போது மனைவி படுத்துக்கொண்டு கேட்கிறாள்:

"உங்க காலேஜு பசங்க பாஸாவுறாங்களா?"