மஞ்சள் கயிறு கட்டிய கோழி

19.5.1976, புதன். கஹவத்தை.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து லயத்து லெட்சுமிக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். கள்ளைத் தொட்டும் பார்க்காதவள். கீழாநெல்லிச் சாறு அதற்குக் கேட்குமா என்று அறிய, இரண்டு கோழிகளைப் புண்ணாக்கு போட்டுக் கொழுக்க வைத்தேன். ஒன்றுக்கு மட்டும் சாறு கொடுத்தேன். அடையாளத்துக்கு அதன் காலில் மஞ்சள் கயிறு கட்டினேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை.

இன்று இரண்டையும் அறுத்துப் பார்த்தேன். சாறு குடித்த கோழியின் ஈரலில்தான் கொழுப்பு அதிகம். அந்த நேரம் லெட்சுமி வந்தாள். கயிற்றைக் கண்டு பதறிப்போனாள்.

"ஐயோ வாத்தியாரையா, முனியாண்டிக்கு நேர்ந்த கோழியவா அறுத்துட்டீங்க? எனக்காக நேர்ந்திருக்கீங்கன்னு தெனம் என் சோத்துல பாதிய அதுக்குத்தானே போட்டேன்!"

இரண்டு மாத வேலை வீண். எனக்குக் கோபம் வந்தது.

"ஒன்ன யாரு போடச் சொன்னா? ஒனக்கு மருந்து தேடித்தான் இந்தச் சோதனையே. கெடுத்துட்டியே!"

பாடம் நடத்தாமல் பரீட்சை வைத்து, பிள்ளையையும் அடிக்கும் வாத்தியார் போல நின்றேன்.

"தெரியாம செஞ்சிட்டேங்க, மன்னிச்சிருங்க. அப்ப எனக்கு மருந்து இல்லையாங்க?"

"பாக்கலாம், போ" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்பது, அவள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.