யோகமலரின் சான்றிதழில் நான் எழுதிய நாடு

அனுப்புநர்
த. குப்புராஜ் (வயது 52),
வெல்டிங் பயிற்றுநர் மற்றும் தேர்வாளர்,
ரெட்டம்பேடு சாலை, கும்மிடிப்பூண்டி,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
அண்டை நாடுகளின் வாழ்நாள் கற்றல் கூட்டுக் கொள்கைப் பிரிவு,
திருவள்ளூர்.

பொருள்: கூட்டுக் கொள்கை வரைவில் என்னால் இடம்பெற்ற பொய்த் தகவலை நீக்கவும், திருமதி யோகமலரின் சான்றிதழை ரத்து செய்யாமல் திருத்தித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பொதுமக்கள் கருத்துக்காகத் தாங்கள் 22.09.2025 அன்று வெளியிட்ட வரைவு, பக்கம் 31.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பக்கத்தில், "கும்மிடிப்பூண்டிப் பகுதியில் அண்டை நாட்டவர் எவரும் பயிற்சிக்கு வரவில்லை, எனவே இங்கு தனி ஏற்பாடு தேவைப்படவில்லை" என்று உள்ளது. எங்கள் பயிற்சி நிலையத்தின் சார்பில் அந்த விவரத்தை எழுதி அனுப்பியவன் நான். அது பொய். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது என்பதும், அங்கிருந்து வந்த ஒருவருக்கு நானே தொழில் கற்றுக் கொடுத்தேன் என்பதும் தெரிந்தே எழுதினேன். ஆகவே இம்மனுவை என் மீதான புகாராகவே தாங்கள் ஏற்க வேண்டும்.

2. அந்த ஒருவர் திருமதி யோகமலர். மன்னாரில் பிறந்தவர். 1990-இல் ஆறு வயதில் பெற்றோருடன் படகில் வந்து, முகாமிலேயே வளர்ந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இங்குள்ள ஒரு பட்டறையில் எட்டு ஆண்டுகள் உதவியாளராக வேலை செய்தார். மற்றவர்கள் வைத்த வெல்டிங்கைத் தேய்த்துச் சமப்படுத்துவதுதான் அவர் வேலை. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு நாங்கள் மாலை வகுப்பு தொடங்கியபோது வந்து சேர்ந்தார். தேய்த்துத் தேய்த்தே எந்த இணைப்பு நிற்கும், எது விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2022 ஆகஸ்டில் நடந்த தேர்வில் இருபது பேரில் அவர் வைத்த செங்குத்து இணைப்பு மட்டும்தான் வளைத்துப் பார்த்தபோது ஒரு கீறல்கூட விடவில்லை.

3. சான்றிதழுக்கான விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றும்போது எங்கள் அலுவலக உதவியாளர் செல்வி ஏஞ்சலின் என்னிடம், "சார், இவங்களுக்கு இன்னா நாடு போடறது? வேற நாடுன்னா மேலேர்ந்து லெட்டர் கேக்குது" என்றார். லெட்டர் வர இரண்டு மாதம் ஆகும். மறுநாள் அந்த மாலை வகுப்பை முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும். இருபது பேர் என்பது பத்தொன்பதாகிவிடும். "இந்தியான்னே போட்டுடும்மா, யாரு பாக்கப் போறா" என்று சொன்னேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் கும்மிடிப்பூண்டி என்று போடச் சொன்னதும் நான்தான். செல்வி ஏஞ்சலின் தயங்கினார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

4. இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. விண்ணப்பம் எழுதிய அன்றே திருமதி யோகமலர் என்னிடம், "சேர், மன்னார் எண்டே போடுங்கோ. ஒரு நாளைக்கு ஊருக்குப் போவம். அங்க காட்ட வேணும்" என்று கேட்டிருந்தார். அப்படியே போட்டுவிட்டதாகச் சொன்னேன். சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்ததால் அவரால் படிக்க இயலவில்லை. என்னை நம்பி வாங்கி, லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டார்.

5. 2024 மார்ச்சில் அவர் குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பினார். புறப்படுவதற்கு முதல் நாள் நிலையத்துக்கு வந்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

6. அங்கே படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை அவரை வெல்டராக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. சான்றிதழை அங்குள்ள அரசு அலுவலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பிறப்புப் பத்திரத்தில் மன்னார், சான்றிதழில் கும்மிடிப்பூண்டி, இந்தியா. இது வேறொருவருடைய சான்றிதழ் என்று முடிவுசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் நிலையத்தைக் கேட்டுப் பார்க்கும்படி அவர் மன்றாடியிருக்கிறார். அப்படிக் கேட்க இரு நாட்டு அலுவலகங்களுக்கும் இடையே எந்த வழியும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. இப்போது அவர் நண்டு உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார்.

7. சென்ற மாதம் அவரிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "சேர், ஆர் விட்ட பிழை எண்டு தெரியேல்ல. நீங்கள் சரியாத்தான் போட்டிருப்பீங்கள். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று இருந்தது. என்னைத் திட்டியிருந்தால் அன்றே பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். பதினோரு நாட்கள் நான் பேசவில்லை. அந்த நாட்களில்தான் தங்கள் வரைவின் 31-ஆம் பக்கத்தைப் படித்தேன். ஒரு பெண்ணிடம் சொன்ன பொய்யை மறைக்க, அரசாங்கத்திடமும் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அது நாளை பல நாடுகள் கையெழுத்திடும் கொள்கையில், "தேவைப்படவில்லை" என்ற சொல்லாக நிற்கப் போகிறது.

8. பன்னிரண்டாம் நாள் அவரை அழைத்து உள்ளதைச் சொன்னேன். அவர், "சோதினை செய்தது நான்தானே சேர்? அதில பொய் இல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டார். தேர்வில் எந்தப் பொய்யும் இல்லை என்றேன். தவறான விவரம் தந்தால் சான்றிதழே ரத்தாகும் என்று எங்கள் விதியில் இருப்பதையும், இம்மனுவை அனுப்பினால் அது நேரலாம் என்பதையும் சொல்லி, அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அனுப்புங்கோ" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். அதன் பிறகு நான் அழைத்தால் அவர் எடுப்பதில்லை.

9. ஆகவே ஐயா அவர்கள்,
வரைவின் 31-ஆம் பக்கத்திலிருந்து அந்த வரியை நீக்கி, முகாமில் நேரில் விசாரித்து உண்மை விவரத்தைச் சேர்க்கவும்;
ஒரு நாட்டில் பெற்ற தொழில் தகுதியை இன்னொரு நாட்டு அலுவலகம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்க, வரும் ஜனவரியில் நடக்கவுள்ள அண்டை நாட்டுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் வழிசெய்யவும்;
தேர்வாளராக எனக்கு அளிக்கப்பட்ட உரிமத்தை ரத்து செய்து, தகுந்த நடவடிக்கை எடுக்கவும்;
திருமதி யோகமலரின் சான்றிதழை மட்டும் ரத்து செய்யாமல், பிறந்த ஊர் மன்னார், நாடு இலங்கை என்று திருத்தி அவருக்கே அனுப்பவும் வேண்டுகிறேன்.

அவருடைய தேர்வுத் தாளையும், அவர் வைத்த இணைப்பின் புகைப்படத்தையும் இணைத்துள்ளேன். என் மதிப்பீட்டில் ஐயம் இருந்தால் வேறொரு தேர்வாளரைக் கொண்டு அவரை மீண்டும் சோதித்துக்கொள்ளலாம். அவர் தேறுவார். இம்மனுவில் உள்ள மற்ற எதற்கும் நான் தயவு கோரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் விசாரணைக்கு எந்நாளும் நேரில் வரக் கடமைப்பட்டுள்ள,
த. குப்புராஜ்
(கையொப்பம்)

இடம்: கும்மிடிப்பூண்டி
நாள்: 18.11.2025