கை சொன்ன எடை

தடுப்பூசிக்குப் போன இடத்தில், மின்தராசில் படுக்க வைக்குமுன் என் பேரனைக் கையில் ஏந்தி எடை சொன்னேன். ஏறக்குறைய சரி. நர்ஸ் சிரித்தார். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் காலமாகி வருடங்கள் ஆகின்றன. வரிசை போடாமல் எனக்கு எழுத வராது:

1. உங்கள் மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் அப்பாக்களைத் தேடி நான் அலைந்தது.
2. தராசு.
3. எங்கள் திட்டம்தான் உங்களைப் பிள்ளையைத் தூக்க வைத்தது என்பது.

எழுபதுகளின் கடைசி. ஏழைக் குடும்பங்களில் அப்பாக்களையும் பிள்ளை வளர்ப்பில் சேர்க்க ஒரு சோதனைத் திட்டம். அதில் நான் ஆய்வாளன். காலைக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோரும் உப்பு ஏரியில் மீன்பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். அது எனக்கு மூன்றாவது வாரம்தான் உறைத்தது. பிறகு மாலையில், வலை உலர்த்தும் மணலிலேயே கொக்கித் தராசோடு உட்கார்ந்தேன். மீனைத் தூக்கியே எடை சொல்கிறவர்கள் பிள்ளைகளையும் தூக்கிச் சொல்லட்டும் என்று போட்டி வைத்தேன்.

"இன்னா சார், புள்ளைங்கள ஏலம் வுடப் போறீங்களா?" என்றீர்கள் நீங்கள். அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் சேர்ந்தது. ஆனால் உங்கள் எட்டு மாத மகளை ஏந்தியதும் உங்கள் முகம் மாறியது.

"ஆறு கிலோதான் சார். போன மாசத்துக்கு எறங்கிடுச்சி."

தராசு ஆறரை காட்டியது. போன மாதம் ஆஸ்பத்திரியில் எடை போட்டு அட்டையில் எழுதியதும் ஆறரை. "குறையவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள்" என்றேன்.

"தராசுக்கு இன்னா சார் தெரியும்? எம் பொண்ணு."

மீன் ஏலக்காரரிடமிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை வாங்கிவந்து கொக்கியில் மாட்டினீர்கள். முள் ஒன்றரையில் நின்றது. உப்புக் காற்றில் ஸ்பிரிங் கெட்டு, அரைக் கிலோ கூடுதலாகக் காட்டியிருந்தது; நீங்கள் சொன்ன ஆறுதான் சரி. எனக்குத் தலை நிமிரவில்லை.

"வுடுங்க சார். தராசு பெயிலு, நீங்க பாஸு."

மறுநாள் முதல் பஸ்ஸில் பொன்னேரி ஆஸ்பத்திரி. வயிற்றில் கிருமி; இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். போகும்போதும் வரும்போதும் அவளை வேறு யார் கையிலும் நீங்கள் கொடுக்கவில்லை. தேறி அவள் ஏழு கிலோவைத் தொட்ட அன்று, தோளில் வைத்துக் கரை முழுக்கச் சுற்றினீர்கள். "நைனா கணக்கு எப்டி?" என்று அவளிடமே கேட்டீர்கள். அவள் உங்கள் காதைக் கடித்தாள்.

அறிக்கையில் மூன்றாவது விஷயத்தைப் பெருமையாக எழுதினேன். அதைக் கேட்டு உங்கள் மனைவி சிரித்ததை எழுதவில்லை.

"இன்னா சார் புத்சா சொல்றீங்க? டெய்லி கரையேறி கை கழுவுனதும், அவளத் தூக்கிப் பாத்துட்டுதான் இவுரு சோறே துன்னுவாரு."

அதை எழுதினால் திட்டத்தை நிறுத்திவிடுவார்களோ என்று அப்போது பயந்தேன். இப்போது பயமில்லை. சாப்பிட உட்காருமுன் நானும் தினமும் பேரனைத் தூக்கிப் பார்க்கிறேன். மூன்றாவது விஷயம் தவறு. நாங்கள் வருமுன்பே நீங்கள் தூக்கிக்கொண்டுதான் இருந்தீர்கள்.